இலை உழைக்கும், காய் சேமிக்கும்

தோட்டத்தில் ஒரு வாழைத்தார் முற்றி நிற்கிறது. காய்கள் இன்னும் பச்சையாகவே உள்ளன. ஒன்றை ஒடித்தால் பிசுபிசுப்பான கறை கையில் ஒட்டும். கடித்தால் நாக்கு துவர்க்கும். ஆயினும், விவசாயி கத்தியை எடுத்து அந்தத் தாரை வெட்டி இறக்குகிறார். சில நாள்களுக்குப் பிறகு அதே காய்கள் கடையில் மஞ்சள் நிறப் பழங்களாகத் தொங்குகின்றன. அவற்றில் யாரும் சீனி கலக்கவில்லை. வெட்டிய நொடியிலேயே மரத்தோடு இருந்த தொடர்பும் அறுந்துவிட்டது. அப்படியானால், அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

அன்னாசிப்பழத்தின் கதை வேறு. இனிப்பு ஏறுவதற்கு முன்பே வெட்டப்பட்ட அன்னாசியை எத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தாலும் அதன் இனிப்பு கூடுவதில்லை. தோலின் நிறம் மாறலாம், மணமும் சற்று மாறலாம்; சுவை மட்டும் வெட்டிய அன்று இருந்த நிலையிலிருந்து உயராது. திராட்சையும் ஆரஞ்சும் இதே இனத்தைச் சேர்ந்தவை. வாழையும் மாம்பழமுமோ காயாகப் பறித்த பின்னரும் இனிக்கின்றன.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் மாவுச்சத்து. வாழைக்காய் வளரும்போதே தன்னுள் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. பழுக்கும்போது அந்தச் சேமிப்பைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அன்னாசியிடம் அத்தகைய சேமிப்பு இல்லை. எனவே, ஒரு வாழைப்பழத்தின் இனிப்பை அறிய வேண்டுமானால், அது காயாக இருந்த காலத்தைப் பார்க்க வேண்டும்.

இலையில் தொடங்கும் வேலை

காயில் சேரும் மாவுச்சத்தின் மூலப்பொருள் இலையில்தான் உருவாகிறது. வாழையிலை காற்றிலுள்ள கரிவளியை நுண்துளைகள் வழியாக உள்ளே இழுக்கிறது. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியாக இலையை அடைகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் ஆற்றலைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஆற்றலின் துணையோடு கரிவளியும் நீரும் சேர்ந்து சர்க்கரையாகின்றன, உயிர்வளி வெளியேறுகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை.

பகலில் இலை உண்டாக்கும் சர்க்கரை முழுவதும் உடனே வெளியே அனுப்பப்படுவதில்லை. ஒரு பகுதி இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்குகிறது. இரவில் ஒளி இல்லாதபோது, இலை அந்த மாவுச்சத்தைக் கரைத்து மீண்டும் சர்க்கரையாக்கிச் செடியின் மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. பகலில் சம்பாதித்ததில் ஒரு பங்கை இரவுச் செலவுக்கு எடுத்து வைக்கும் குடும்பத்தைப் போன்றது இது.

இலையில் மாவுச்சத்து உருவாவதற்கு ஒளி தேவை என்பதை 1860களில் யூலியஸ் சாக்ஸ் என்ற செருமானியத் தாவரவியலாளர் நிறுவினார். மாவுச்சத்தின் மீது அயோடின் கரைசல் பட்டால் கருநீல நிறம் தோன்றும். ஒளி பட்ட இலைப்பகுதி கருநீலமாக மாறியது. ஒளி படாமல் மறைக்கப்பட்ட பகுதி மாறவில்லை. இன்று பள்ளி அறிவியல் கூடங்களில் மாணவர்கள் செய்யும் மாவுச்சத்துச் சோதனையின் வேர் இந்த ஆய்வில்தான் இருக்கிறது.

இலையிலிருந்து காய்க்கு

மாவுச்சத்து நீரில் கரையாது. எனவே, அதை அப்படியே இலையிலிருந்து காய்க்கு அனுப்ப இயலாது. செடி அதற்காகச் சுக்ரோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்துகிறது. நாம் தேநீரில் கலக்கும் சீனியும் அதே சுக்ரோஸ்தான். அது நீரில் எளிதில் கரையும்.

செடிக்குள் இரண்டு வகைக் குழாய்கள் உள்ளன. ஒன்று, வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்லும் சைலம். மற்றொன்று, இலையில் தயாரான உணவைத் தேவைப்படும் இடங்களுக்குக் கொண்டு செல்லும் புளோயம். இலையில் உருவான சுக்ரோஸ் புளோயத்தில் ஏற்றப்படுகிறது. சர்க்கரை நிறைந்த இடத்திற்கு நீர் ஈர்க்கப்படுவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. காயின் பக்கத்தில் சர்க்கரை இறக்கப்படுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த இலையிலிருந்து அழுத்தம் குறைந்த காயை நோக்கிச் சர்க்கரைநீர் ஓடுகிறது. இதற்கு இதயம் போன்ற ஒரு விசைக்கருவி தேவைப்படவில்லை.

இவ்வாறு வரும் சர்க்கரைக்குப் போட்டியும் உண்டு. வேர், மண்ணுக்கு அடியிலுள்ள கிழங்கு, பக்கத்தில் முளைக்கும் கன்றுகள், தாரின் நுனியில் தொங்கும் வாழைப்பூ ஆகிய எல்லாவற்றுக்கும் உணவு வேண்டும். காய்கள் உருவாகி முடிந்ததும் விவசாயிகள் வாழைப்பூவை ஒடித்துவிடுவதற்கும், தேவைக்கு மேல் முளைக்கும் கன்றுகளை அகற்றுவதற்கும் இதுவே ஒரு காரணம். பங்கு கேட்பவர்கள் குறைந்தால் காய்களுக்குக் கிடைக்கும் பங்கு கூடும். ஒடித்த பூவும் வீணாவதில்லை; அது வீட்டில் பொரியலாகவோ கூட்டாகவோ ஆகிவிடுகிறது.

சர்க்கரையை ஏன் மாவாக மாற்ற வேண்டும்?

காயை வந்தடைவதும் சர்க்கரை, கடைசியில் நமக்குக் கிடைப்பதும் சர்க்கரை. அப்படியிருக்க, இடையில் அதை மாவுச்சத்தாக மாற்றி மறுபடியும் சர்க்கரையாக மாற்றுவது வீண்வேலை போலத் தோன்றலாம். ஆனால், இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது.

கரைந்த சர்க்கரை நீரை ஈர்க்கும் இயல்புடையது. ஓர் உயிரணுவுக்குள் சர்க்கரையை மேலும் மேலும் கரைத்துச் சேர்த்தால், நீரும் மேலும் மேலும் உள்ளே வரும், உயிரணு உப்பும். மாவுச்சத்து அப்படியன்று. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துகள்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு இறுக்கமான மணியாகும்போது, அவை கரைசலாக நிற்பதில்லை. எனவே நீரையும் ஈர்ப்பதில்லை. குறைந்த இடத்தில் மிகுதியான உணவைத் தொல்லையின்றி அடுக்கி வைக்கலாம். நெல்லும் உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் பின்பற்றும் வழி இதுவே.

காயின் சதையிலுள்ள உயிரணுக்களில் இந்த வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில், வந்து சேர்ந்த சுக்ரோஸை நொதிகள் உடைக்கின்றன. நொதி என்பது உயிரினங்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். உடைந்து கிடைத்த பகுதிகள் மாவுக்கணிகம் எனப்படும் நுண்ணிய உறைக்குள் நுழைகின்றன. அங்கே குளுக்கோஸ், ஏடிபி-குளுக்கோஸ் என்ற வடிவத்தைப் பெறுகிறது. சங்கிலியில் கோப்பதற்கு ஆயத்தமான மணி என்று அதைச் சொல்லலாம். பிறகு, மற்றொரு நொதி அந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சங்கிலியில் சேர்க்கிறது. வேறொரு நொதி சங்கிலிக்குக் கிளைகளை உண்டாக்குகிறது.

பெரும்பாலும் கிளையின்றி நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். பல கிளைகளாகப் பிரியும் சங்கிலிக்கு அமைலோபெக்டின் என்று பெயர். இரண்டும் சேர்ந்தே மாவுச்சத்து மணியாகின்றன. அந்த மணிகளை வெறுங்கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியாது. நுண்ணோக்கியில் அவை நீள்வட்ட வடிவக் கூழாங்கற்கள் போலத் தெரியும்.

குளுக்கோஸ் இவ்வாறு வேறொரு பொருளோடு இணைந்த பிறகே சங்கிலியில் சேர்கிறது என்ற உண்மை எளிதில் தெரியவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூயிஸ் லெலுவார் என்ற அறிவியலாளர் இத்தகைய இணைப்புச் சர்க்கரைகளைக் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு 1970ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏடிபி-குளுக்கோஸிலிருந்து மாவுச்சத்து உருவாவதையும் அவருடைய ஆய்வுக்குழு 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியது.

புதிய இலை இனி இல்லை

வாழையின் வாழ்வில் ஒரு திருப்பம் உண்டு. நாம் மரத்தின் தண்டு என்று நினைப்பது உண்மையில் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் இலைமட்டைகளின் அடுக்கு. உண்மையான தண்டு நிலத்துக்கு அடியில் கிழங்காக இருக்கிறது. கிழங்கின் வளர்நுனி பல மாதங்கள் இலைகளை மட்டுமே உண்டாக்குகிறது. ஒருநாள் அது இலையை விடுத்துப் பூவை உண்டாக்கத் தொடங்குகிறது. அந்தப் பூந்தண்டு மட்டைகளின் நடுவே மேலேறி வெளியே தலை காட்டுகிறது. அதன் பிறகு அந்த மரத்தில் ஒரு புதிய இலைகூடத் தோன்றுவதில்லை.

இதன் விளைவு பெரியது. பூ வெளியே வந்த நாளில் மரத்தில் எத்தனை நல்ல இலைகள் இருக்கின்றனவோ, அவைதாம் தார் முற்றும்வரை எல்லாக் காய்களுக்கும் உணவு தர வேண்டும். வகைக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப இதற்கு இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆகலாம். காயின் பச்சைத் தோலும் சிறிதளவு ஒளிச்சேர்க்கை செய்யக்கூடும். ஆனால், தாரை நிரப்பும் பொறுப்பு இலைகளுடையது. பூக்கும் நேரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலைகளாவது இருக்க வேண்டும் என்று வாழை வளர்ப்போருக்கு அறிவுரை கூறப்படுவது இதனால்தான்.

இலைக்கு நோய் வந்தால் காய் படும் துன்பத்தைக் கருப்புச் சிகத்தோக்கா நோய் காட்டுகிறது. பிஜி நாட்டில் 1963ஆம் ஆண்டு இந்நோய் அடையாளம் காணப்பட்டது. பின்னர், வாழை விளையும் பல நாடுகளுக்கு அது பரவியது. ஒரு பூஞ்சை இந்நோயை உண்டாக்குகிறது. முதலில் இலையில் மெல்லிய கோடுகள் தோன்றும். அவை கரும்புள்ளிகளாகப் பெருகும். பின்னர் இலையே காய்ந்து தொங்கும். பூஞ்சை காயைத் தொடுவதில்லை. ஆயினும், காய் மெலிந்துவிடுகிறது. இலை காய்ந்தால் சர்க்கரை வருவது குறைகிறது. சர்க்கரை குறைந்தால் மாவுச்சத்தும் குறைகிறது. அத்தகைய தார்களில் சில காய்கள் முற்றும் முன்பே மரத்தில் பழுத்தும் விடுகின்றன. பல மாத உழைப்புக்குப் பிறகு எடை குறைந்த தாரை வெட்டும் விவசாயிக்கு இழப்பு தொடங்கியது காயில் அன்று, இலையில்.

புயற்காற்றில் இலைகள் அளவுக்கு மீறிக் கிழிவதும், சமையலுக்கும் விருந்துக்கும் ஆசைப்பட்டுத் தார் தாங்கிய மரத்தின் இலைகளை ஒட்ட அறுப்பதும் காய்களின் உணவைக் குறைக்கும். தலைவாழை இலைக்காக வளர்க்கப்படும் மரமும் தாருக்காக வளர்க்கப்படும் மரமும் தோட்டத்தில் தனித்தனியாக இருப்பது நல்லது.

எப்போது வெட்டுவது?

மாவுச்சத்து சேரச் சேரக் காயின் வடிவம் மாறுகிறது. பிஞ்சாக இருக்கும்போது காயின் பக்கங்களில் கூர்மையான விளிம்புகள் தெரியும். சதை நிறைய நிறைய விளிம்புகள் மழுங்கிக் காய் உருண்டையாகிறது. அனுபவமுள்ள விவசாயி பூத்த நாளைக் கணக்கு வைத்துக்கொள்வதோடு, காயின் விளிம்பையும் பார்த்தே தார் முற்றிவிட்டதா என்று முடிவு செய்கிறார்.

இந்த முடிவில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. முந்தி வெட்டினால் சேமிப்பு முழுமையடைந்திருக்காது. அத்தகைய காய் மஞ்சளாக மாறினாலும் சிறுத்தும் இனிப்புக் குறைந்தும் இருக்கும். வெட்டிய பிறகு இலையிலிருந்து ஒரு துளி சர்க்கரையும் வந்து சேராது. பிந்தி வெட்டினால் காய் வெடிக்கலாம். சந்தைக்குப் போகும் வழியிலேயே பழுத்து நசுங்கலாம். தொலைதூரத்துக்கு அனுப்பும் தாரைச் சற்று முன்னதாகவும், பக்கத்துச் சந்தைக்கு அனுப்பும் தாரை நன்கு முற்றிய பிறகும் வெட்டுவார்கள்.

மாவு சர்க்கரையாகும் நாள்கள்

முற்றிய வாழைக்காயின் சதையில், எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை மாவுச்சத்து இருக்கும். அந்தக் காய் நன்கு பழுத்ததும் மாவுச்சத்து 1 அல்லது 2 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. மறைந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய சர்க்கரைகளாக மாறியிருக்கும். ஒரு சிறு பகுதி, உயிருள்ள காய் சுவாசிப்பதற்குச் செலவாகியிருக்கும்.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பது எத்திலீன் என்ற வளி. காய் முற்றியதும் அதுவே எத்திலீனை வெளியிடத் தொடங்குகிறது. அந்த வளி பட்டதும் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. பழுத்த பழம் ஒன்றைக் காய்களோடு சேர்த்து மூடி வைத்தால் அவையும் விரைவில் பழுப்பது இதனால்தான். தாரை மூடிய இடத்தில் வைத்துப் புகைமூட்டம் போடும் பழைய வழக்கத்துக்கும் இதுவே விளக்கம். புகையிலும் எத்திலீன் உண்டு. கப்பலில் செல்லும் பச்சைக் காய்களை ஏறக்குறைய 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்துப் பழுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதைவிட மிகவும் குளிர்ந்தால் தோல் கருத்துப்போகும்.

முன்பு கூறிய ஒரு செய்தியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கரைந்த சர்க்கரை நீரை ஈர்க்கும். மாவுச்சத்து சர்க்கரையானதும் சதை, தோலிலுள்ள நீரை ஈர்த்துக்கொள்கிறது. தோல் மெலிகிறது; சதை மென்மையாகிறது. காயாக இருந்தபோது கத்தி கொண்டு சீவ வேண்டியிருந்த தோல், பழமானதும் விரலால் உரிக்க வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா வாழையும் ஒரே அளவில் மாறுவதில்லை. பிசாங் மாஸ், பெராங்கான் போன்றவை அப்படியே உண்பதற்கு ஏற்றவை. பிசாங் தண்டுக் பழுத்த பின்னும் கூடுதலான மாவுச்சத்தைத் தக்க வைத்துக்கொள்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டாலும் அது குழையாமல் நிற்பதற்கு அந்த மாவுச்சத்து துணைபுரிகிறது.

இவ்வேறுபாட்டை வகுப்பறையிலேயே காணலாம். பச்சைக் காயின் ஒரு துண்டிலும், நன்கு பழுத்த பழத்தின் ஒரு துண்டிலும் ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட வேண்டும். காய்த்துண்டு கருநீலமாகும். பழத்துண்டில் அந்த நிறம் மிகக் குறைவாகவே தோன்றும். சோதனைக்குப் பயன்படுத்திய துண்டுகளை உண்ணக்கூடாது.

யாருக்காக இந்தச் சேமிப்பு?

மலேசியக் காடுகளில் வளரும் காட்டுவாழையின் பழத்தைப் பிளந்தால், உள்ளே கறுத்த, கடினமான விதைகள் நிறைந்திருக்கும். சதை கொஞ்சமே இருக்கும். அந்தச் சதையின் இனிப்பை நாடிப் பழந்தின்னி வௌவால்களும் பிற விலங்குகளும் வருகின்றன; பழத்தைத் தின்று விதைகளை வேறிடத்தில் போடுகின்றன. விதை முற்றும்வரை பழம் துவர்ப்பாக இருந்து, முற்றிய பிறகு இனிப்பாக மாறுவது செடிக்கு நன்மை. உரிய காலம் வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். மாவுச்சத்துச் சேமிப்பு, அந்தக் கூலியைக் காலம் தவறாமல் கொடுப்பதற்கான ஏற்பாடு.

நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள், விதை குறைந்து சதை மிகுந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் கன்றுகளை நட்டு வந்துள்ளனர். பாப்புவா நியூகினியின் குக் என்னும் இடத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்றுகள் உள்ளன. இந்த வரலாற்றில் தீபகற்ப மலேசியாவுக்கும் இடமுண்டு. 2012ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் முதன்முதலாக வாழையின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டபோது, அவர்கள் ஆராய்ந்த வகையின் பெயர் ‘பகாங்’.

விதைகளைப் பரப்பும் விலங்குகளுக்காக ஏற்பட்ட சேமிப்பு இன்று மனிதரின் உணவாகியிருக்கிறது. அந்தச் சேமிப்பை நிரப்புவது மட்டும் மாறவில்லை. பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் தோலின் நிறத்தைப் பார்க்கிறோம். தோட்டத்தில் நிற்கும் விவசாயியோ முதலில் நிமிர்ந்து இலைகளை எண்ணுகிறார்.

கருத்துணர் வினாக்கள்

1. பறித்த பின்னர் வாழைக்காய் இனிக்கிறது. அன்னாசி கூடுதலாக இனிப்பதில்லை. ஏன்?

2. காய் தன் உணவைச் சர்க்கரையாக வைத்திருக்காமல் மாவுச்சத்தாகச் சேமிப்பதால் விளையும் நன்மை யாது?

3. “இழப்பு தொடங்கியது காயில் அன்று, இலையில்” என்பதன் பொருளை உமது சொந்தச் சொற்களில் விளக்குக.

4. வாழைத்தாரை முந்தி வெட்டுவதாலும் பிந்தி வெட்டுவதாலும் ஏற்படும் விளைவுகளை ஒப்பிடுக.

5. தார் தாங்கிய வாழைமரத்தின் இலைகளை அண்டை வீட்டார் அடிக்கடி அறுத்துச் செல்கிறார் எனக் கொள்க. அவரிடம் பணிவுடன் எடுத்துரைக்க வேண்டிய காரணங்களை ஒரு பத்தியில் எழுதுக.